கலைக்கண் தந்த ஜான் ரஸ்கின்

விளையாட்டுச் சாமான் ஏறத்தாழ எதுவுமின்றி வளர்ந்த ஒரு பிள்ளையின் வரலாற்றை இவ்வாண்டு மலருக்காக எழுதப் புகுகிறோம். வறுமையால் நேர்ந்ததன்று அது. தந்தை இலண்டன் மாநகரில் பெயர் பெற்ற திராட்சை இரச வணிகர், செல்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் தாய் மார்கரெட் அம்மையார் மிகுந்த கண்டிப்புடையவர். ஒரே பிள்ளை செல்லத்தால் கெட்டுவிடக் கூடாது என்று கருதி, முதலில் ஒரு சாவிக்கொத்து, பின்னர் ஒரு சிறு வண்டியும் பந்தும், சற்று வளர்ந்தபின் நன்றாக இழைத்த மரக்கட்டைகள் இரண்டு பெட்டி, இவ்வளவே அவனுக்குத் தந்தார். இதைக் கண்டு இரங்கிய உறவினர் பெண்மணி ஒருவர் பளபளப்பான ஆட்டப் பொம்மைகளை வாங்கி வந்தார். தாயார் மரியாதைக்காக வாங்கிக்கொண்டு, அவர் போனதும் உள்ளே எடுத்து வைத்துவிட்டார். பிள்ளை அவற்றை மறுபடி பார்க்கவேயில்லை.

பொழுது போக வேண்டுமே, என்ன செய்வான்? தரைக் கம்பளத்தின் பூவேலையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். எதிர்வீட்டுச் சுவரின் செங்கற்களை எண்ணினான். தெருவில் தண்ணீர் வண்டிக்குத் தோல்குழாய் வழியே நீர் நிரப்புவதை மூச்சுவிடாமல் கவனித்தான். இப்படிப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த கண்கள்தாம் பின்னாளில் ஐரோப்பாவுக்கே பார்க்கக் கற்றுக்கொடுத்தன. அவரே ஜான் ரஸ்கின். 1819ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள் பிறந்தார்.

நாள்தோறும் காலையில் தாயும் மகனும் விவிலியத்தை மாறி மாறி வாசிப்பார்கள். தொடக்க நூலில் ஆரம்பித்துத் திருவெளிப்பாட்டில் முடிப்பார்கள். முடிந்த மறுநாளே மீண்டும் தொடக்க நூல். சில அதிகாரங்களை ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடமாக ஒப்புவிக்கவும் வேண்டும். அவருடைய உரைநடையில் ஓடும் இசை அந்தக் காலைகளில் கிடைத்தது என்று அவரே பின்னாளில் நன்றியோடு எழுதினார். மனப்பாடம் என்றாலே முகம் சுளிக்கும் நம் தங்கையர் சிலருக்காக இச்செய்தியைச் சற்று அழுத்தியே சொல்லி வைக்கிறோம்.

பதின்மூன்றாம் பிறந்தநாளன்று தந்தையின் வணிகக் கூட்டாளி ஹென்றி டெல்ஃபோர்ட் அவருக்கு ஒரு கவிதைப் புத்தகம் பரிசளித்தார். சாமுவேல் ராஜர்ஸ் இத்தாலியைப் பற்றி எழுதியது. கவிதையைவிட அதிலிருந்த சிறுசிறு படங்களே பையனை ஆட்கொண்டன. அவற்றை வரைந்தவர் ஜோசப் டர்னர் என்னும் ஓவியர். அடுத்த ஆண்டு, 1833இல், குடும்பத்தார் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டனர். சுவிட்சர்லாந்தில் ஷாஃப்ஹவுசன் என்னும் ஊரில் ஒரு மாலைப் பொழுது, தோட்ட மேட்டில் உலாவிக்கொண்டிருந்தபோது தொலைவில் ஆல்ப்ஸ் மலை தென்பட்டது. மேகமோ என்று ஒரு கணம்கூட மயங்க இடமில்லை; பளிங்குபோல் துலங்கிய சிகரங்கள், அந்திச் சூரியனால் ரோஜா நிறம் ஏறி நின்றன. தம் வாழ்வின் போக்கு அந்த மாலையில் முடிவாயிற்று என்று முதுமையில் நினைவுகூர்ந்தார் ரஸ்கின். அப்போது வயது பதினான்கு.

ஆனால் வியந்து நிற்பதோடு முடிந்துவிடவில்லை. 1835இல் மறுபடி ஆல்ப்ஸ் மலைக்குச் சென்றபோது வானத்தின் நீலம் எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்று அளப்பதற்குத் தாமே ஒரு கருவி செய்து எடுத்துப் போனார்! கற்களைச் சேர்த்தார், அவற்றின் பெயர்களைக் கற்றார். அழகை அளந்து பார்த்தால் அது குறைந்துவிடும் என்பார் உண்டு. ரஸ்கினின் அனுபவம் அதற்கு நேர்மாறானது. அளக்க அளக்க அது வளர்ந்தது.

பதினேழாம் வயதில் முதல் போர். டர்னரின் வண்ணங்களைக் கிண்டல் செய்து ஒரு பத்திரிகை எழுதிவிட்டது. இயற்கையில் இல்லாததை அவர் தீட்டுகிறார் என்பது குற்றச்சாட்டு. இளைஞர் கொதித்தெழுந்து மறுப்பு எழுதினார். டர்னரோ, இவற்றுக்கெல்லாம் நான் அசைபவன் அல்லன் என்று சொல்லி வெளியிட வேண்டாம் என்றுவிட்டார். அந்தக் கோபம் மட்டும் உள்ளேயே கனன்றுகொண்டிருந்தது.

ஆக்ஸ்போர்டு கல்லூரிக்குப் போனார். தாயாரும் கூடவே அந்நகரில் அறை எடுத்துத் தங்கினார் என்பது பலருக்குச் சிரிப்பு. 1839இல் கவிதைப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். பொருள் என்ன தெரியுமா? இன்றைய மும்பைக்கு அருகிலுள்ள சால்செட், எலிஃபண்டா குகைகள்! இந்தியாவை அவர் பார்த்ததில்லை, இறுதிவரை பார்க்கவுமில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவோம்.

1842இல் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே அவருடைய உண்மையான கல்வி. வீட்டுக்கு அருகில் சாலையோரம் நடந்தபோது ஒரு முள்மரத் தண்டைச் சுற்றிக் கொடி படர்ந்திருந்தது. சட்டைப்பை நோட்டில் சும்மா வரையத் தொடங்கினார். வரைய வரைய ஓர் உண்மை உறைத்தது: பன்னிரண்டு வயது முதல் படம் வரைந்தும், கண்ணெதிரே இருப்பதை இருக்கிறபடி ஒரு நாளும் வரைந்ததில்லை! அழகாகத் தோன்ற வேண்டும் என்று திருத்தித் திருத்தியே வரைந்திருக்கிறார். சில நாள்களுக்குப் பின் பிரான்சில், வண்டிப் பாதையோர மேட்டில் களைத்துப் படுத்தபடி ஓர் இளமரத்தை வரைந்தார். கோடுகள் தாமே தம் இடம் தேடிப் பொருந்தின. மனிதன் வகுத்த எந்த ஓவிய விதியையும்விட நுட்பமான ஒழுங்கு அந்த மரத்தில் முன்பே இருந்தது. விதியைப் படித்து மரத்தைப் பார்ப்பது போய், மரத்தைப் பார்த்து விதியை அறிவது என்றாயிற்று.

அதற்கடுத்த ஆண்டு, 1843இல், 'தற்கால ஓவியர்கள்' என்ற நூலின் முதல் பாகம் வெளிவந்தது. பெயர் போடவில்லை, ஆக்ஸ்போர்டுப் பட்டதாரி ஒருவர் என்று மட்டும் இருந்தது. ஆசிரியருக்கு வயது இருபத்து நான்கு! டர்னரே இயற்கைக்கு மிக உண்மையானவர் என்று நிறுவப் புகுந்த அந்நூல் மேகம், நீர், பாறை, இலை என்று ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தது. ஐந்து பாகங்கள் முடியப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

அந்த முதல் பாகத்தில் ஓரிடத்தை நாம் தனியாகக் குறிப்பிட வேண்டும். டர்னரின் 'அடிமைக் கப்பல்' 1840இல் காட்சிக்கு வைக்கப்பட்ட ஓவியம். சூறாவளி வருகிறது, கப்பலில் ஏற்றிவந்த அடிமைகளில் இறந்தோரையும் இறக்கும் நிலையில் உள்ளோரையும் கடலில் எறிகிறார்கள், செக்கச் சிவந்த அந்தி வானின் கீழ் கைகளும் விலங்குகளும் அலையில் மிதக்கின்றன. மனிதன் தீட்டிய கடல்களிலேயே இதுவே மேலானது என்று ரஸ்கின் பக்கம் நிறையப் புகழ்ந்தார். அலையின் வடிவம், நுரையின் நிறம், ஒளியின் பாதை எல்லாம் வந்தன. அது அடிமைக் கப்பல் என்ற செய்தியோ? அது அடிக்குறிப்பில் இரண்டொரு வரியாக நின்றது. 1844 புத்தாண்டுப் பரிசாக அந்த ஓவியத்தையே தந்தை வாங்கிக் கொடுத்தார், வீட்டில் தொங்கியது. பல ஆண்டுகள் கழித்து அதைப் பார்த்துக்கொண்டு வாழ முடியவில்லை என்று விற்றுவிட்டார். இன்று அது அமெரிக்காவில் பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. பக்கத்தின் அடியில் கிடந்த அந்த மனிதர்கள் மெல்ல மெல்ல மேலேறிப் பக்கத்தின் நடுவுக்கு வந்ததே ரஸ்கினின் வாழ்க்கை என்று நமக்குத் தோன்றுகிறது.

அழகு என்றால் என்ன என்பதற்கு 1846இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவர் விடை தேடினார். கண்ணுக்கும் காதுக்கும் கிடைக்கும் இன்பமே அழகு என்பதை அவர் ஏற்கவில்லை. சர்க்கரை நாவுக்கு இனிப்பதும் அந்திவானம் மனத்துக்கு இனிப்பதும் ஒன்றாகுமா? அழகைக் காண்பது தியானத்தைப் போன்றது. நன்றியும் வணக்கமும் கலந்த நோக்கு அது என்றார். பொருள்களின் அழகில் படைத்தவரின் இயல்புகள் சாயலாகத் தெரிகின்றன என்று கூறி ஆறு அடையாளங்கள் சொன்னார்: எல்லையின்மை, ஒருமை, அமைதி, சமச்சீர், தூய்மை, அளவோடமைதல். இருண்ட மரங்களுக்கு அப்பால் தொடுவானில் ஒளி தெரிந்தால் நம் கண் அங்கேயே போய் நிற்பது ஏன்? முடிவில்லாததை நாடும் ஆசை நம்முள் இருப்பதால் என்பது அவர் விளக்கம். இரண்டாவது வகை, உயிரின் அழகு. ஒரு செடியோ பறவையோ தன் இயல்புப்படி நிறைவாக வாழும்போது அந்த மகிழ்ச்சியே அழகாகத் தெரிகிறது. வாடிய செடியைக் கண்டால் மனம் வருந்துவதற்கும் இதுவே காரணம். இந்த இரண்டாவது கருத்தை மறந்துவிடாதீர்கள். செடிக்குச் சொன்னதையே அவர் பின்னால் தொழிலாளிக்கும் சொல்லப் போகிறார்.

நமக்கு மிகப் பிடித்த பகுதி 1856இல் வந்த மூன்றாம் பாகத்தில் இருக்கிறது. நுரையைக் கொடியது என்றும் பூவை ஊதாரி என்றும் கவிஞர்கள் பாடுவதை அவர் அங்கே விசாரிக்கிறார். நுரைக்கு ஏது கொடுமை? துயரத்தில் இருப்பவன் தன் துயரத்தை நுரையின்மேல் ஏற்றிப் பார்க்கிறான். உணர்ச்சி உண்மையாயினும் காட்சி பொய்த்துவிடுகிறது என்கிறார். தமிழ் வகுப்பில் இதை நாம் தற்குறிப்பேற்ற அணி என்று படித்திருக்கிறோம். கோவலனை வரவேண்டாம் என்று மதுரைக் கொடிகள் கை காட்டி மறித்த காட்சியை யார் மறப்பார்? காற்றில் கொடி அசைந்தது. அவ்வளவுதானே என்று ரஸ்கின் சொல்லியிருப்பாரோ? சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறோம். உண்மையான உணர்ச்சியில் பிறந்ததை அவர் மன்னித்தார். வெறும் அலங்காரத்துக்காகச் சொல்வதையே பொறுக்கவில்லை. இளங்கோவடிகளின் கொடிகள் அலங்காரத்துக்காக ஆடியவை அல்லவே!

இதற்கிடையில் 1848இல் திருமணம் நடந்தது. அது நிலைக்கவில்லை, 1854இல் செல்லாதென அறிவிக்கப்பட்டது. நடுவயதில் ஏற்பட்ட வேறோர் அன்பும் துயரத்தில் முடிந்தது. இல்லற இன்பம் அவருக்கு வாய்க்கவில்லை என்பதோடு இதை விட்டுவிடுவோம்.

வெனிஸ் நகரை அவர் ஆராய்ந்த விதம் வியப்பானது. இரண்டு குளிர்காலங்கள் அங்கே தங்கி, ஏணி போட்டு ஏறியும் முழந்தாளிட்டுத் தவழ்ந்தும் தூண்களையும் வளைவுகளையும் நாடா கொண்டு அளந்தார். கோவில் ஒன்றில் வென்றாமின் என்ற நகரத் தலைவரின் கல்லறைமேல் படுத்த நிலையில் ஒரு சிலை இருக்கிறது, வெகுவாகப் புகழப்பட்டது. ரஸ்கின் ஏணி வாங்கி மேலே ஏறிப் பார்த்தார். கீழிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் பாதி முகம் மட்டுமே செதுக்கப்பட்டிருந்தது! மறுபாதி வெறுங்கல். அதற்கு முந்திய காலத்துச் சிற்பிகள் யாரும் காணாத இடத்தையும் அன்போடு செதுக்கியிருந்ததை அறிந்தவர் அவர். ஒரு நகரத்தின் வீழ்ச்சியையே அந்த வெறுங்கல்லில் படித்துவிட்டார். இது சற்று மிகைதான். ஒரு சிலையை வைத்து ஒரு நாட்டை எடைபோடலாமா? ஆனால் அவர் ஏறிய ஏணியில் அதுவரை ஏறிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை என்பதும் உண்மையே.

'வெனிஸின் கற்கள்' மூன்று பாகங்களாக 1851 முதல் 1853 வரை வெளிவந்தது. அதன் இரண்டாம் பாகத்தில் பழைய கோதிக் ஆலயங்களைப் பற்றி ஓர் அதிகாரம் உண்டு. அந்த ஆலயங்களின் சிற்பங்கள் கரடுமுரடானவை. ஒன்றுபோல் ஒன்று இராது. இது குறை என்றே அறிஞர்கள் கருதி வந்தனர். ரஸ்கின் வேறு கேள்வி கேட்டார். இதைச் செதுக்கியவன் செதுக்கும்போது எப்படி இருந்தான்? தன் மனத்தில் தோன்றியதைச் செய்ய அவனுக்கு உரிமை இருந்தது. அதனால் தடுமாறினான், தடுமாறினாலும் மனிதனாக இருந்தான். வழவழப்பும் பிசகாத அளவும் வேண்டுமென்றால் அவனை இயந்திரமாக்கித்தான் அவற்றைப் பெறமுடியும். தன் நாட்டு ஆலைகளில் நடப்பது இதுவே என்றார்.

அங்கே அவர் காட்டிய உதாரணம் நம்மைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டியது. பாசிமணி! உருகிய கண்ணாடியை மெல்லிய குச்சியாக இழுக்கிறார்கள். பிறகு அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். வெட்டுபவர் நாள் முழுதும் அதையே செய்கிறார். ஓயாத அதிர்வினால் கைகள் வாதம் வந்தவைபோல் நடுங்குகின்றன. அந்தக் கையின் கீழ் மணிகள் மழைபோல் உதிர்கின்றன. குச்சியை இழுப்பவருக்கோ துண்டை வெட்டுபவருக்கோ உருண்டையாக்குபவருக்கோ சிந்திக்க ஒன்றுமில்லை. ஆகவே அந்த மணியை வாங்கும் ஒவ்வோர் இளம்பெண்ணும் அடிமை வாணிகத்தில் பங்கு கொள்கிறாள் என்று எழுதினார். பிரிட்டிஷார் ஒழிக்கப் பாடுபட்டு வந்த அடிமை வாணிகத்தைவிட இது கொடியது என்றும் சேர்த்தார். அந்த ஒப்பீட்டை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. கடலில் எறியப்பட்டவனுக்கும் கூலி வாங்கியவனுக்கும் வேறுபாடு உண்டு. ஆயினும் பாருங்கள்: பத்தாண்டுகளுக்கு முன் அடிக்குறிப்பில் இருந்தவன் இப்போது நூலின் மையத்துக்கு வந்துவிட்டான்.

கண்ணாடிப் பொருளே கூடாது என்றாரா? இல்லை. பழைய வெனிஸ் நகரத்துக் கண்ணாடிக் கிண்ணங்களை அவர் மிக விரும்பினார். விளிம்பு கோணலாக இருக்கும்; ஆனால் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் செய்தவன் ஒரு புது வடிவம் நினைத்திருப்பான். வாங்குவோருக்காக அவர் சொன்ன விதிகள் எளியவை. செய்பவனின் கற்பனைக்கு இடமில்லாத, அவசியமுமில்லாத பொருளை ஆதரிக்காதே. பயனின்றி வழவழப்பை மட்டும் கேட்காதே. வெறும் நகலை ஊக்குவிக்காதே. அழகுணர்ச்சி என்பது வீட்டு அலங்காரத்தைப் பற்றியது என்றிருந்தவர்களுக்கு அது இப்படிக் கடைவீதிக்கு வந்து கணக்குக் கேட்டது புதிது.

சொன்னதோடு நில்லாமல் 1854 முதல் இலண்டனில் தொழிலாளர் கல்லூரியில் மாலை வேளைகளில் ஓவியம் கற்பித்தார். தச்சரை ஓவியராக்குவது தம் நோக்கமன்று, மேலும் மகிழ்ச்சியுள்ள தச்சராக்குவதே என்று அரசாங்கக் குழுவினரிடம் சொன்னார். 1857இல் அவர் எழுதிய ஓவியப் பாடநூலில் ஒரு பயிற்சி உண்டு. தெருவில் இறங்கி, மிக வெளுப்பும் மிகக் கறுப்புமில்லாத ஓர் உருண்டைக் கல்லை எடுத்து வந்து மேசைமேல் வைத்து வரையச் சொல்கிறார். அந்தக் கல்லின் உருட்சியை நிழலால் காட்டத் தெரிந்துவிட்டால் எதையும் வரையத் தெரிந்ததாகும் என்கிறார். செய்து பாருங்கள். ஒரு மணி நேரம் போவது தெரியாது. கல்லும் சாதாரணக் கல்லாக இராது.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன செய்திக்கு வருவோம். 1857இல் இந்தியாவில் எழுச்சி நடந்தது. அச்செய்திகளால் சினமுற்ற ரஸ்கின் 1858இல் இலண்டனில் பேசியபோது, இந்தியரின் கலை நிறத்திலும் கோட்டிலும் நுட்பமானது, ஆனால் இயற்கையை உள்ளபடி ஒருபோதும் காட்டுவதில்லை, ஆகவே அது மனத்தைக் கெடுக்கிறது என்ற பொருளில் கடுமையாகப் பேசிவிட்டார். எலிஃபண்டாவைப் பாராமலே பாடிப் பரிசு பெற்றவர், பாராமலே தீர்ப்பும் சொன்னார். மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானை அவர் கண்டிருந்தால்! உள்ளதை உள்ளபடி கண்டு வரை என்று உலகுக்குச் சொன்ன கண், ஓரிடத்தில் கோபத்தால் மூடிக்கொண்டது. நாம் அவரிடம் கற்ற அளவுகோலாலேயே அவரையும் அளக்கிறோம்.

1860இல் 'கடையனுக்கும் கதிமோட்சம்' என்று தமிழில் வழங்கும் கட்டுரைகளை ஒரு மாத இதழில் எழுதத் தொடங்கினார். தலைப்பு மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையிலிருந்து எடுத்தது. கடைசி மணி நேரத்தில் வந்த கூலியாளுக்கும் முதலில் வந்தவனுக்குரிய கூலியையே கொடுத்த தோட்டக்காரரை நாம் அறிவோம். வேலைக்கு நியாயமான கூலி நிலையாக இருக்க வேண்டும், நாட்டின் செல்வத்தை நாணயத்தால் அளக்காமல் அங்கே நலமாக வாழும் மனிதரால் அளக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். ஓவியம் பற்றி எழுதுகிறவருக்குப் பொருளாதாரம் எதற்கு என்று பெரும் கூச்சல் எழுந்தது. இதழாசிரியர் தாக்கரே நான்கு கட்டுரைகளோடு நிறுத்திவிட்டார். 1862இல் அவை சிறு நூலாயின. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1904இல், தென்னாப்பிரிக்காவில் ஜோகானஸ்பர்க் நகரிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்ட இரயிலில் ஒரு வழக்கறிஞர் அந்நூலைக் கையில் எடுத்தார். நண்பர் போலக் வழிப்பயணத்துக்காகக் கொடுத்தது. படித்தவர் அன்றிரவு உறங்கவில்லை. அவர்தாம் காந்தியடிகள். பீனிக்ஸ் பண்ணை அதன் விளைவு. தமிழ்ப் பகுதியோடும் தொடங்கிய அவருடைய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் அந்தப் பண்ணைக்கே இடம் மாறியது. 1908இல் அந்நூலைக் குஜராத்தியில் தந்து சர்வோதயம் என்று பெயரிட்டார்.

1864இல் பிராட்ஃபோர்டு நகரத்துக் கம்பளி வணிகர்கள் புதிய வணிக மாளிகை கட்டவிருந்தனர். எந்தப் பாணியில் கட்டலாம் என்று அறிவுரை கேட்டு ரஸ்கினை அழைத்தனர். அவர் மேடையேறி, உங்கள் மாளிகையைப் பற்றி எனக்கு அக்கறையில்லை என்று தொடங்கினார்! இரசனை என்பது காசு கொடுத்து வல்லுநரிடம் வாங்கும் சரக்கன்று. ஒருவர் எதை விரும்புகிறார் என்று தெரிந்தால் அவர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரிந்துவிடும். இலாபத்தைத் தெய்வமாகக் கொண்டவர்கள் கட்டும் மாளிகை எந்தப் பாணியில் இருந்தாலென்ன என்பது அவர் பேச்சின் சாரம். வணிகர்கள் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ!

அதே ஆண்டு தந்தை இறந்து ஒரு லட்சம் பவுனுக்கு மேல் சொத்து வந்தது. ஏழைக் குடியிருப்புகளைச் சீர்செய்ய ஆக்டேவியா ஹில் அம்மையாருக்கு உதவினார். அருங்காட்சியகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வாரி வழங்கினார். இறுதிக் காலத்தில் நூல் விற்பனையே அவருக்குச் சோறு போட்டது.

பெண்கள் பள்ளிகளுக்கும் அவருக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. செஷயர் மாவட்டத்தில் வின்னிங்டன் ஹால் என்ற பள்ளிக்கு 1859 முதல் அடிக்கடி போய்வந்தார். அச்சிறுமியரோடு பேசியதை உரையாடலாக்கிப் பளிங்குகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தோட்டத்திலிருந்து ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு ஓடிவரும்போது நீங்கள் கரைசல் நிலையில் இருக்கிறீர்கள், வரிசையாக அவரவர் இடத்தில் அமர்ந்தவுடன் பளிங்காகிவிட்டீர்கள் என்று அவர்களுக்கு வேடிக்கையாக விளக்குவார். காலை மணி அடித்ததும் நம் பள்ளித் தாழ்வாரத்தில் நாள்தோறும் நடக்கும் வேதியியல் அதுவே!

1865இல் வந்த 'எள்ளும் லில்லியும்' நூலில் பெண்கல்வி பற்றிப் பேசினார். பெண்பிள்ளைக்கு நல்ல நூலகத்தைத் திறந்துவிடுங்கள், வயல்வெளியில் விட்ட மான்குட்டிபோல் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்வாள் என்றார், மெத்தச் சரி. ஆனால் கணவனின் பணியைப் புரிந்து பரிவு காட்டும் அளவுக்கு அவள் கற்றால் போதும் என்றும் எழுதிவிட்டார். மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆகத் துடிக்கும் நம் மாணவிகள் இதைப் படித்தால் ரஸ்கினை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அதே நூலில், தன் தோட்டத்து மதிலுக்குள் ரோஜா வளர்த்துக்கொண்டு, மதிலுக்கு வெளியே வாடும் பிள்ளைகளைப் பாராத பெண்களை அவர் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் பழசாகவில்லை. 1881இல் வொயிட்லாண்ட்ஸ் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியில் மே விழா ஒன்றைத் தொடங்கிவைத்தார். மாணவியர் தமக்குள் மிகவும் அன்புக்குரியவளை வாக்களித்து அரசியாகத் தேர்வார்கள். அவளுக்குத் தங்கச் சிலுவையும், அவள் தோழியருக்கு வழங்கத் தம் நூல்களும் அனுப்பினார். படிப்பில் முதல்வளையோ முகத்தில் அழகியையோ அவர் கேட்கவில்லை. அவ்வழக்கம் நூறாண்டு கடந்தும் தொடர்ந்தது.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 1869இல் அவரைத் தன் முதல் கலைப் பேராசிரியராகத் தேர்ந்தது. அங்கே 1874இல் மாணவர்கள் கையில் மண்வெட்டி கொடுத்து, ஹிங்க்சி என்ற சிற்றூருக்குச் சாலை போட வைத்தார். பின்னாளில் புகழ்பெற்ற ஆஸ்கார் ஒயில்டும் அதில் ஒருவர். சாலை என்னவோ படுமோசம்! அதே ஆண்டு அசிசி நகரில் புனித பிரான்சிஸ்குவின் பேராலயத்தில் சக்ரீஸ்தரின் அறையில் அமர்ந்து சுவரோவியங்களைப் படியெடுத்தார். கத்தோலிக்கம் என்றாலே வெறுக்கும்படி சிறுவயதில் பழக்கப்பட்டவர் அவர். அந்த ஓவியங்களின் முன்னால் அவ்வெறுப்புக் கரைந்துபோனது. கர்தினால் மானிங் அவருக்கு நண்பரானார். ஆயினும் தம் சபையை விட்டு வந்தாரில்லை.

அவர் வாழ்வின் வருந்தத்தக்க நிகழ்ச்சி 1877இல் நேர்ந்தது. ஜேம்ஸ் விஸ்லர் என்ற ஓவியர் இரவு வானில் வாணவேடிக்கை சிதறுவதை இருளும் பொன்துகளுமாகத் தீட்டி 200 கினி விலை வைத்தார். பொதுமக்கள் முகத்தில் சாயச் சட்டியை வீசியதற்கு இவ்வளவு விலையா என்று ரஸ்கின் எழுதிவிட்டார். விஸ்லர் மானநஷ்ட வழக்குத் தொடர்ந்தார். இரண்டு நாள் வேலைக்கா இத்தொகை என்று நீதிமன்றத்தில் கேட்டபோது, வாழ்நாள் முழுதும் பெற்ற அறிவுக்கு என்று விஸ்லர் விடையளித்தார். 1878 நவம்பரில் தீர்ப்பு: விஸ்லருக்கு வெற்றி, இழப்பீடு ஒரு ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் கால்பங்கு! வழக்குச் செலவால் விஸ்லர் கடனாளியாகி நொடித்துப் போனார். ரஸ்கின் பேராசிரியர் பதவியைத் துறந்தார். நினைத்தால் மனம் கனக்கிறது. டர்னரைப் பார்த்து ஊர் சிரித்ததும் இதே சொற்களால் அல்லவா? வெறும் வழவழப்பைக் கேட்காதே என்று விதி செய்தவர், இது முடிக்கப்படாத படம் என்று சினந்தாரே! பதினேழு வயதில் அவருக்கு இருந்த பார்வை ஐம்பத்தெட்டில் ஏன் தவறியது? அப்போதே அவர் மனநலம் குன்றத் தொடங்கியிருந்தது என்பர். அது காரணமாகலாம், முழுக் காரணமாகத் தோன்றவில்லை. தாம் கண்ட அழகே அழகு என்று ஓர் ஆசிரியர் எண்ணத் தொடங்கும் வேளையும் உண்டு.

வடஇங்கிலாந்தில் கானிஸ்டன் ஏரிக்கரையிலிருந்த பிராண்ட்வுட் இல்லத்தை 1871இல் வாங்கியிருந்தார். இறுதி ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. சிறுவயதில் நீலத்தை அளந்தவர், நாட்குறிப்பில் வானத்தை எழுதுவதை நிறுத்தவில்லை. 1871 முதல் வானத்தில் ஒரு மாற்றத்தைக் கண்டார்: அழுக்குச் சாம்பல் நிற மேகம், இலைகளை நடுங்கவைக்கும் ஒருவகைக் காற்று, ஒளி மங்கிய சூரியன். 1884இல் இரண்டு சொற்பொழிவுகளில் இதை வெளியிட்டார். கிழவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றார்கள். ஆலைகளின் நிலக்கரிப் புகை வானத்தையே மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. காற்று மாசைக் குறித்த தொடக்ககாலச் சாட்சியமாக இன்று அச்சொற்பொழிவுகளைப் படிக்கிறார்கள். உடல்நலமும் மனநலமும் மாறிமாறித் தளர, 1889க்குப் பின் எழுதவில்லை, பேச்சும் குறைந்தது. உறவினள் ஜோன் அம்மையார் கவனித்துக்கொண்டார். சன்னலருகே அமர்ந்து ஏரியையும் அப்பாலுள்ள மலையையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

1900 ஜனவரி 20ஆம் நாள் காய்ச்சலால் காலமானார். இலண்டனில் பெரியோர் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர முன்வந்தார்கள். அவர் விருப்பப்படி கானிஸ்டன் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தனர். அந்தப் பகுதியில் அவர் தூண்டுதலால் கைந்நூற்பும் நெசவும் மீண்டும் தழைத்திருந்தன. நாட்டுப்புறப் பெண்கள் தம் வீடுகளில் இராட்டினம் சுற்றி நூல் நூற்றார்கள். அவருடைய பேழைமீது போர்த்திய துணி அங்கே கெஸ்விக் என்ற ஊரில் செய்த சணல்நூல் துணி. காட்டு ரோஜாக்களை அதில் பூவேலையாகத் தைத்திருந்தார்கள். நடுவே, திராட்சைத் தோட்டத்துக்குக் கடைசியாக வந்த கூலியாளைக் குறிக்கும் அந்த நூலின் தலைப்பையும்.